டாக்டரம்மா கேட்கச் சொன்ன கேள்வி

குமார் போன் செய்து, "அக்கா, டாக்டரம்மா போய்ட்டாங்க" என்றபோது நான் சொன்ன பதிலை எழுதவே வெட்கமாக இருக்கிறது. "இந்த தபா அவங்களே படுக்குறாங்களா? எந்த ஸ்கூல்ல? டிபன் நான் எடுத்தாரணுமா?" என்று கேட்டுவிட்டேன். தப்பில் பாதி அவனுடையது. பல வருஷமாக அவன் எனக்குப் போன் செய்வதே, "அக்கா, நாளைக்கு சாவு கீது, வரியா?" என்று கூப்பிடத்தான். அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

டாக்டர் மரகதம் யார் என்று தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். வெள்ளம், புயல், வாயுக் கசிவு என்று ஊருக்கு எது வந்தாலும் மக்களை நோயில்லாமல் எப்படிக் காப்பது என்று டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் சுகாதார ஆய்வாளர்களுக்கும் திருவொற்றியூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் பயிற்சி கொடுத்தவர். குமார் அவருடைய உதவியாளர். நான் அங்கே டிபன் கொடுக்கப் போனவள். ஒருநாள் நோயாளியாக நடிக்க வேண்டிய ஆள் வரவில்லை. "தேவகி, குண்டானை எறக்கி வச்சிட்டு அப்டியே படு" என்றார் டாக்டரம்மா. அன்று படுத்தவள்தான். காய்ச்சலில் கிடந்திருக்கிறேன், வெள்ளத்தில் அடித்துவரப்பட்டிருக்கிறேன், பல முறை செத்தும் போயிருக்கிறேன். அவர் விசில் ஊதினால் பயிற்சி முடிந்தது என்று பொருள். செத்தவர்கள் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக் கை கழுவப் போவோம். டாக்டரம்மாவிடம் படித்த உங்களில் பாதிப் பேர் என் நாடியைப் பிடித்திருக்கிறீர்கள். சிலர் பிடித்த இடத்தில் நாடியே கிடையாது. நான்தான் பாவம் பார்த்து வாயைத் திறக்கவில்லை.

அவருடைய பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. நிவாரண முகாமை எப்படி அமைப்பது என்று படிக்க வந்தவர்களே திட்டம் போட வேண்டும். போட்ட பிறகு அன்று முழுவதும் அந்த முகாமில் அவர்களே இருக்க வேண்டும். அவர்கள் வைத்த குழாயில்தான் தண்ணீர், அவர்கள் வைத்த இடத்தில்தான் கக்கூஸ். ஒரு பெரிய டாக்டர் கக்கூஸை ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால், எல்லோரும் வேடிக்கை பார்க்கிற வழியில் வைத்துவிட்டார். நான் நாலு முறை காபி நீட்டினேன். மனுஷன் தொடவே இல்லை. சாயங்காலம் டாக்டரம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏன் சார், காபி புடிக்காதா?"

"புடிக்கும் மேடம். ஆனா குடிச்சா..." என்று அந்தக் கொட்டகைப் பக்கம் பார்த்தார்.

"காலைலேர்ந்து இதத்தான் சார் தொண்டை கிழிய சொல்லிக்கினு கீறேன்."

டாக்டரம்மா ராயபுரத்தில் பிறந்தவர். கோபம் வந்தாலும் பிரியம் வந்தாலும் அவருக்கு அந்தப் பேச்சுதான் வரும். அந்த டாக்டர் சிரித்துக்கொண்டே போய்த் திட்டத்தை மாற்றினார்.

இன்னொரு முறை டாக்டரம்மா என் காதில் மட்டும் சொல்லிப் படுக்க வைத்தார்: "முகாம்ல நீ தண்ணியே குடிக்கல. கக்கூஸ் போற வழியில ஆம்பளைங்க குந்திக்கினு கீறாங்க, அதான். தலை சுத்துது. தண்ணி குடிச்சியான்னு கேட்டாத்தான் இத சொல்லணும்." என்னைப் பார்க்க வந்தவர் பியூலா என்ற நர்ஸ், நாசரேத் பக்கத்துப் பெண். காய்ச்சல் பார்த்தார், பிரஷர் பார்த்தார், என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார், மாத்திரை கொடுத்தார். தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. விசில் அடித்தது. "போய்ட்ட தேவகி, எழுந்துரு" என்றார் டாக்டரம்மா. பியூலா அழுதேவிட்டார். டாக்டரம்மா அவர் தோளில் கை வைத்து, "அவ சொல்ல மாட்டா கண்ணு. வெக்கப்படுவா. கேக்க வேண்டியது நீதான்" என்றார். நான் என் பங்குக்கு ஒரு மெதுவடை கொடுத்தேன். என்னைக் கொன்றவருக்கு வேறு யார் வடை கொடுப்பார்கள்?

பிறகு ஒரு மழையில் எண்ணூரில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் நிஜமாகவே ஏறியது. ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்தார்கள். என் மகள் செல்விக்கு எட்டாம் மாதம். பயிற்சி எடுத்த திமிரில் நான், வந்தவர்களுக்கெல்லாம் கை கழுவச் சொல்லிக்கொண்டும் தண்ணீரைக் காய்ச்சச் சொல்லிக்கொண்டும் பெரிய அதிகாரி மாதிரி சுற்றிவந்தேன். மறுநாள் மருந்துப் பெட்டியோடு வந்தது பியூலா. பெட்டியைத் திறக்கவில்லை. கக்கூஸ் எங்கே என்று கேட்டு அங்கே நடந்து போய்த் திரும்பி வந்தார். பிறகு பெண்கள் நடுவில் உட்கார்ந்து, "கடைசியா எப்ப தண்ணி குடிச்சீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

"இன்னா நர்ஸம்மா, பழைய பரிட்சைய இப்ப எழுத வந்துட்டியா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை.

"நேத்து காலைல, சிஸ்டர்" என்றாள்.

உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. வயிறு இறுக்கிப் பிடிக்கிறது என்று அப்போதுதான் சொன்னாள். கக்கூஸ் போகிற வழியில் ஆண்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இந்த வேஷத்தை நான் போட்டிருக்கிறேன், இதே காரணத்துக்காகச் செத்திருக்கிறேன். பக்கத்திலேயே படுத்திருந்த என் பெண்ணை நான் கேட்கவில்லை. பியூலா அங்கேயே உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, நிவாரண லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூடவே போனார். லாரியில் எனக்கு இடமில்லை என்றார்கள்; வாசலில் நின்று வண்டி போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார். நேராகச் சீட்டாட்டக்காரர்களிடம் போனார். "நைனா, கச்சேரிய அந்தாண்ட மாத்திக்கோ. இனிமே இது பொம்பளைங்க வழி. எவனாவது திரும்பிப் பாத்தான், கண்ணுல மருந்து ஊத்தி கட்டிப் போட்டுடுவேன்." தாழ்ப்பாள் அடித்து முடிகிறவரை அந்தக் கதவைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். "பியூலா போன் பண்ணுச்சு. செல்விக்கு ட்ரிப்ஸ் ஏறுது. புள்ளைக்குத் துடிப்பு நல்லா கீதாம்" என்றார். நான் அழுது முடித்ததும், "இத்தினி தபா செத்தியே, உன் பொண்ண ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார். மாதம் நிறைந்து பேரன் பிறந்தான். இப்போது அவன் என்னைவிட அதிகமாகப் பேசுகிறான்.

குமார் போன் செய்த அன்று, ராயபுரத்து வீட்டில் டாக்டரம்மாவைப் படுக்க வைத்திருந்தபோது பியூலா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே டிராபிக் போலீஸ்காரர் விசில் அடித்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தோம்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் குடித்தாயா என்று கேட்பேன். கூடவே கக்கூஸ் இருக்கிற இடத்தையும் காட்டிவிடுவேன். சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய மாணவர்கள் நினைவுக் கூட்டம் நடத்தினார்கள். ஏற்பாடு பிரமாதம். வாசலில் முதலுதவி மேசை, வரிசைக்கு வரிசை தண்ணீர், வெயிலுக்கு மோர். முகாமில் கக்கூஸ் எங்கே இருக்க வேண்டும் என்று அவர் கற்றுக்கொடுத்ததைப் பற்றி மூன்று டாக்டர்கள் உருக்கமாகப் பேசினார்கள். நாலாவதாகப் பேச வேண்டியவர் மேடையை விட்டு இறங்கிப் போய்த் திரும்பி வந்து, குமாரிடம் ஏதோ கேட்டார். மண்டபத்துக் கக்கூஸ் பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. வாட்ச்மேன் மீஞ்சூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.