கேட்டது கிடைத்துவிட்டது

போன வாரம் மரக்காணம் பக்கம் ஒரு பள்ளிக்கூட விழா. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குப் பாராட்டு. சிறப்பு விருந்தினர்? சாட்சாத் நான்தான். பத்தி எழுதுகிறவர்களுக்கு எப்போதாவது இப்படி யோகம் அடிக்கும். ஒரு சால்வை, ஒரு எலுமிச்சம்பழம், 'சீக்கிரம் முடிச்சிடுங்க மேடம்' என்று காதோரம் ஓர் எச்சரிக்கை.

முதல் மார்க் எடுத்த பெண் மேடைக்கு வந்தாள். பெயர் பவித்ரா. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உப்பளத்தில் கூலி வேலை. லீவு நாட்களில் இவளும் அவர்களோடு போய் உப்பு சுமப்பாள் என்று தலைமையாசிரியர் மைக்கில் சொன்னார். அவள் வாங்கிய மார்க்கையும் சொன்னார். கூட்டம் தட்டிய தட்டில் பந்தல் ஆடியது.

கேடயத்தைக் கொடுத்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். மைக் கையில் இருந்தால் சும்மா இருக்க முடிகிறதா? "எந்தக் காலேஜ்ல சேர்ந்திருக்கே?" என்று கேட்டேன்.

சொன்னாள். மறுபடியும் கைதட்டல். ஆனால் ஆசிரியர்கள் வரிசையில் ஒருவர் மட்டும் தட்டவில்லை. கணக்கு டீச்சர் ஸ்டெல்லா. தலையைக் குனிந்து கொண்டு செருப்பைப் பார்த்தபடி இருந்தார்.

அந்தக் காலேஜ் எனக்குத் தெரியும். பொம்மையார்பாளையத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து திண்டிவனம் போகும்போதெல்லாம் கண்ணில் படும். பிரம்மாண்டமான ஆர்ச். ஆர்ச்சுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மட்டும் இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. இவ்வளவு மார்க் எடுத்த பெண் அங்கே ஏன் போகிறாள்?

விழா முடிந்து காபி குடிக்கும்போது ஸ்டெல்லா டீச்சரிடம் கேட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்ஜினியரிங் கவுன்சலிங் இப்போது எல்லாம் ஆன்லைன். மார்க்கைக் கூட்டிக் கழித்து கட்-ஆஃப் போடுவார்கள். கட்-ஆஃபை வைத்து ரேங்க். பிறகு மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய காலேஜ்களை ஆசைப்படும் வரிசையில் போட வேண்டும். முதலில் போட்ட காலேஜில் அவர்கள் ரேங்க்குக்கு இடம் இருந்தால் கம்ப்யூட்டர் அதையே கொடுத்துவிடும். இல்லையென்றால் அடுத்தது. சென்னையில் பெயர் சொன்னாலே வேலைக்குக் கூப்பிடுகிற ஒரு பெரிய காலேஜ் பவித்ராவுக்கு நிச்சயம் என்று டீச்சர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதை முதலில் போடச் சொல்லி, மற்றவற்றையும் வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த வரிசையை இறுதியாக லாக் செய்கிற வாரத்தில் டீச்சரின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். லீவில் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால்... வரிசை தலைகீழாக இருக்கிறது. கடைசியில் இருக்க வேண்டிய ஆர்ச் காலேஜ் முதலில். முதலில் இருக்க வேண்டிய சென்னை காலேஜ் கடைசியில்.

கம்ப்யூட்டர் என்ன செய்யும்? முதலில் கேட்டதைக் கொடுத்துவிட்டு வாழ்த்தும் சொல்லிவிட்டது.

மாற்ற முடியாதா? எனக்குத் தெரிந்த ஒரு கவுன்சலிங் ஆலோசகருக்கு அங்கேயே போன் போட்டேன். அவருக்கு என் பிரச்சினையே புரியவில்லை. கிடைத்ததைவிட மேலே கேட்டிருந்த காலேஜில் இடம் காலியானால் அங்கே நகரலாமாம், அதற்கு வழி உண்டாம். ஆனால் இந்தப் பெண்ணுக்குத்தான் முதல் சாய்ஸே கிடைத்துவிட்டதே, அதற்கு மேலே என்ன இருக்கிறது, இதில் என்ன குறை என்று என்னையே திருப்பிக் கேட்டார். 

ஏன் வரிசையை மாற்றினாள் என்று டீச்சர் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாராம். பவித்ரா வாயே திறக்கவில்லையாம்.

பதில் வாசலில் நின்றது. பவித்ராவின் அப்பா ஏழுமலை. மடிப்புக் கலையாத சட்டை, சட்டைப் பையில் போன். பந்தலுக்குள் வரவே இல்லை; கேட்டுக்கு வெளியே நின்றே முழு விழாவையும் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கூப்பிட்டார். டீச்சர், பவித்ரா, நான் மூவரும் என் காரில். அவர் மொபெட்டில் முன்னால். ரோட்டோரம் உப்பு அம்பாரங்கள், அதைத் தாண்டி வெயிலில் கண்ணைக் கூச வைக்கும் உப்புப் பாத்திகள், அதற்கு இந்தப் பக்கம் அவர்கள் வீடு.

டீ வந்தது. ஏழுமலை சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இன்னும் போன் வரலைங்க மேடம். சார்ஜ் எறங்காம வெச்சிருக்கேன். மெட்ராஸ் காலேஜ்லேர்ந்து எப்பங்க கூப்புடுவாங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. மெல்ல மெல்ல அவர் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது.

உப்பளத்தில் சீசன் தொடங்கும்போது யாருக்கு எந்தப் பாத்தி என்று மேஸ்திரி பிரித்துக் கொடுப்பார். ரோட்டோரப் பாத்தி கிடைத்தால் யோகம். அம்பாரம் பக்கத்திலேயே இருக்கும், தலைச்சுமையோடு நடக்கிற தூரம் குறைவு. கடைசிப் பாத்தி கிடைத்தால் வரப்பிலேயே ஆயுசு போய்விடும். எல்லோருக்கும் வேண்டியது ரோட்டோரம்தான். ஆனால் யாரும் அதை வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். "எனக்குக் கடைசிப் பாத்தியே போதுங்க" என்பார்கள். மேஸ்திரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, நல்ல வேலைக்காரனாக இருந்தால், "நீ ஏம்பா அங்க போற, இங்க வா" என்று முன்னால் கூப்பிட்டுக்கொள்வார். ஒருவன் நேராக ரோட்டோரம் வேண்டும் என்று கேட்டானாம். அந்த சீசன் முழுக்க அவனுக்கு அங்கே வேலையே இல்லை.

"எடுத்த எடுப்புல பெருசா கேக்கக் கூடாதுங்க. சின்னதா கேட்டா, நம்ம வேலைய பாத்து அவங்களே பெருசா குடுப்பாங்க. நாந்தான் பாப்பாகிட்ட சொல்லி மாத்த வெச்சேன்" என்றார் ஏழுமலை. குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

ஆக, இந்த மனுஷன் மேஸ்திரி கூப்பிடுவார் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நான் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

ஸ்டெல்லா டீச்சர்தான் சொன்னார். சொல்லித்தானே ஆக வேண்டும்?

"அண்ணா, அங்க மேஸ்திரின்னு யாரும் கிடையாது. கம்ப்யூட்டர்தான். முதல்ல கேட்டது காலியா இருந்தா, அதையே குடுத்துடும். மத்தத பாக்காது."

"மார்க்க பாத்திருப்பாங்களே மிஸ்?"

"பாத்தாங்க. அதனாலதான் கேட்டது உடனே கிடைச்சிடுச்சு."

ஏழுமலை பாத்திகள் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அப்ப மெட்ராஸ் காலேஜ முதல்ல கேட்டு, அது இல்லன்னா?" என்றார்.

"அடுத்தத குடுக்கும்ணா."

"பெருசா கேட்டதுக்குக் கோச்சுக்காதா?"

"கோச்சுக்காதுண்ணா."

அதை அவரால் நம்ப முடியவில்லை. மகளுக்குக் கிடைக்காமல் போனதைவிட, கேட்டால் கோபித்துக்கொள்ளாத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பதுதான் அவரை அதிகமாக உலுக்கியது என்று நினைக்கிறேன். போனைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உள்ளே எழுந்து போனார்.

பவித்ரா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க மிஸ். நானும் அங்க வேலைக்குப் போயிருக்கேன். அப்படிக் கேட்டுத்தான் முன்பாத்தி கிடைக்கும், நானே பாத்திருக்கேன். அதான் நம்பிட்டேன்."

 நாம் எல்லோருமே அப்படித்தானே வளர்ந்திருக்கிறோம்? கல்யாணப் பந்தியில் இலைக்கு மேலே கையை விரித்து "போதும், போதும்" என்கிறோம். போதும் என்று அர்த்தமா? பரிமாறுகிறவருக்கும் தெரியும், விரலிடுக்கு வழியாக இன்னொரு கரண்டி பாயசத்தை விட்டுவிட்டுப் போவார். வேண்டாம் என்பது மரியாதை, விடாமல் வைப்பது உபசாரம். கம்ப்யூட்டருக்கு உபசாரம் தெரியாது.

என் வீட்டுக்காரர் இதில் அடிபட்டவர். கோட்டக்குப்பத்தில் ஒரு புது ஹோட்டலில் ஸ்க்ரீனைத் தொட்டு ஆர்டர் செய்ய வேண்டும். இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி வேண்டுமா என்று அது கேட்டது. மனுஷன் பவ்யமாக 'வேண்டாம்' என்பதை அமுக்கினார். சட்னி வரவில்லை. ஒரு தடவைகூட வற்புறுத்தாத அந்த ஹோட்டலை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இந்த வாரம் சிரிப்பு வரவில்லை. அவருக்குப் போனது ஒரு கரண்டி சட்னி.

யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளையை எடை போட நாம் எவ்வளவு மெனக்கெடுகிறோம்! மார்க்கைத் தசமப் புள்ளி வரை இழைக்கிறோம். இரண்டு பேருக்கு ஒரே கட்-ஆஃப் என்றால் கணக்கில் யார் கூட என்று பார்க்கிறோம். அதுவும் சமமா? பிறந்த தேதி. அதுவும் சமமா? ரேண்டம் நம்பர். இத்தனை சல்லடையிலும் தேறி வந்தவளுக்கு எந்த இடம் என்பதை, கடைசியில் ஒன்றே ஒன்றுதான் தீர்மானித்தது. தனக்கு வேண்டியதை முதலில் கேட்கத் தெரியுமா? அது எந்தப் பாடத்திலும் இல்லை. நகரத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வந்துவிடுகிறது, எல்.கே.ஜி.யிலேயே பெரிய பலூனைக் கேட்கிறார்கள். இவளுக்கு வீட்டில் கற்றுக் கொடுத்ததோ நேர் எதிர். அதையும் முதல் மார்க் வாங்கும் அளவுக்குக் கற்றிருந்தாள். 

படித்துவிடுவாள், கெட்டிக்காரி, எங்கே படித்தால் என்ன என்று ஸ்டெல்லா டீச்சரும் நானும் மாற்றி மாற்றி ஆறுதல் சொன்னோம். சொன்ன நாங்கள் இரண்டு பேருமே அதை நம்பவில்லை.

கிளம்பும்போது ஏழுமலை ஒரு பையோடு வந்தார். அவர் பாத்தியில் வாரிய கல்லுப்பு. கண்கள் சிவந்திருந்தன. எனக்காக அம்பாரத்திலிருந்து அள்ளி அள்ளிப் போட்டார். நானோ பழக்கதோஷத்தில், "ஐயோ, எதுக்குங்க இவ்வளவு, கொஞ்சம் போதும்" என்றேன். அவர் கேட்பாரா? "நீங்க வேணாம்னா விட்டுடுவமா" என்று மேலே இன்னும் இரண்டு கை போட்டார்.

பவித்ரா கார் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். "வேணும்னா வேணும்னே சொல்லிடுங்க மேடம்" என்றாள்.

"வேணும்" என்றேன். இந்த வயதில் முதல் தடவையாக.