லைன் இல்லாதபோது செல்லத்தாய் சொன்னது

நேற்று கைபேசியில் ரயில் டிக்கெட் எடுக்கப் போனேன். ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்றது திரை. என்ன தவறு, டிக்கெட் உண்டா இல்லையா, மறுபடி அமுக்கலாமா? ஒரு விவரமும் இல்லை. முழித்துக்கொண்டிருந்தபோது எங்கிருந்தோ பழைய டெலிபோன் ஹெட்செட்டின் ரப்பர் வாடை அடித்தது.

அறுபதுகளில் விருதுநகர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச எங்களிடம்தான் கேட்க வேண்டும். நாங்கள் எதிரேயுள்ள போர்டில் வயரைச் செருகி இணைப்போம். லைன் கெட்டிருந்தால் “அவுட் ஆஃப் ஆர்டர்” என்று சொல்லி வயரை உருவிவிட வேண்டும். அந்த இங்கிலீஷைச் சொல்வதில் எனக்குத் தனிப் பெருமை. வீட்டில் அடுப்பு அணைந்தாலும் அதையே சொல்வேன்.

ஒரு சித்திரை மத்தியானம் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி ஒன்று வெடித்தது. கம்பம் சாய்ந்து அந்த ஊர் லைன் போய்விட்டது. எங்கள் போர்டு முழுக்க அழைப்பு. பக்கத்து நாற்காலியில் செல்லத்தாய், என் வயதுக்காரி. காரியாபட்டி தபாலாபீசிலிருந்து ஒருவர் அவளிடம் பதறினார். அவர் மகளுக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை.

செல்லத்தாய் வயரை உருவவில்லை.

“அய்யா, தாயில்பட்டி லைன் அறுந்து கெடக்கு. இன்னைக்கு வராது, அதுக்காகக் காத்திருக்காதீக. ஒங்க மக எப்படியிருக்குன்னு எனக்குத் தெரியாது. அடிபட்டவுகள சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாகளாம். அங்கன லைன் போட்டுத் தாரேன். மக பேரு என்ன?”

“மாரியம்மா...” குரல் உடைந்தது.

“வச்சிராதீக. நான் இங்கனதான் இருக்கேன்.”

சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றார். “ஏம்மா, இதெல்லாம் சொல்ல நமக்கு உத்தரவு இருக்கா?”

“இல்ல சார். லைன் இல்லன்னு மட்டும் சொன்னா, மகளே இல்லன்னுல்ல அவுக காதுல விழுகும்” என்றாள், திரும்பாமலே.

அவர் ஒரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தார். நானும் இங்கிலீஷை விட்டுவிட்டு அவள் சொன்னதையே சொல்லத் தொடங்கினேன்.

சாத்தூர் நர்ஸம்மா தேடிப் பார்த்துவிட்டு வந்து, “கையில தீக்காயம். உயிருக்கு ஒண்ணுமில்ல” என்றார். காரியாபட்டியில் அந்தத் தகப்பன் அழுத அழுகை என் காது வரைக்கும் கேட்டது. எல்லா அழைப்பும் அப்படி முடியவில்லை. ஆனாலும் கடைசி ஆள் வரை அவள் குரல் மாறவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் குரலைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் நிற்க முடியுமா! இன்று நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

பிறகு தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வந்தது. எங்கள் போர்டைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். செல்லத்தாய் மாற்றலாகித் தூத்துக்குடி போனாள். அதன்பின் லைன் கிடைக்காதவர்களுக்குக் கேட்டதெல்லாம் ஒரே சீரான ஒரு சத்தம். அது யாரிடமும் மகள் பெயரைக் கேட்டதில்லை.