குப்பியில் அடைத்த பயம்

உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில் பத்தொன்பது ஆண்டுகளாக ஊசி போடும் கிராம நர்ஸ் ஞானசுந்தரிக்குப் பல்லி என்றால் பயம். அதிகாரி போன் செய்தால் எழுந்து நின்றுதான் பேசுவாள். அதைவிடப் பெரிய பயம், தடுப்பூசிப் பெட்டியில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி. அட்ரினலின்.

பயிற்சியில் டாக்டர் விளக்கியிருந்தார்: “பயந்தா உடம்பு தானா சுரக்கிற சரக்கும்மா. இதயத்தை விரட்டும், மூச்சுக்குழலைத் திறக்கும். ஒவ்வாமையில மூச்சு அடைச்சா, சுரக்கிறது பத்தாது. நாமதான் போடணும்.”

தன்னிடம் மூட்டை மூட்டையாக இருப்பதையே அரசாங்கம் குப்பியிலும் கொடுத்திருக்கிறதே என்று ஞானசுந்தரி நினைத்துக்கொண்டாள். ஒன்றைக்கூட அவள் உடைத்ததில்லை. காலாவதியானதும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்வாள்.

அந்தப் புதன்கிழமை, அங்கன்வாடியில் கடைசிக் குழந்தைக்கு ஊசி போட்டு முடித்தபோது, நூறு நாள் வேலைப் பெண்கள் கூட வேலை செய்யும் செங்கேணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஏரிக்கால்வாயில் வேலிக்காத்தான் முட்செடியை வெட்டும்போது குளவிக்கூட்டில் கத்தி பட்டுவிட்டதாம்.

செங்கேணியின் உதடு வீங்கியிருந்தது. உடம்பெல்லாம் தடிப்பு. தொண்டையில் விசில் சத்தம்.

“கொட்னது என்னிய... நீ ஏன் நடுங்கற?” என்று திணறினாள். வாய் மட்டும் அடங்கவில்லை.

“ஊசியப் போடு நர்சம்மா! இன்னாத்த பாத்துக்கினு கீற?” என்று கத்தினாள் தூக்கி வந்தவர்களில் ஒருத்தியான வளர்மதி.

“டாக்டரக் கேக்கணும்க்கா.”

ஞானசுந்தரி மூன்று முறை போன் அடித்தாள். மூன்று முறையும் டாக்டர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடமாம். போட்டு இதயம் நின்றால்? போடாமல் மூச்சு நின்றால்? விசில் சத்தம் மெலிந்தது. செங்கேணியின் கண் செருகியது.

ஞானசுந்தரி குப்பியின் கழுத்தை உடைத்தாள். விரல் கிழிந்தது. அரை மில்லி. சேலையை விலக்கி, வெளித்தொடையில் குத்தினாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். முள் நகர மறுத்தது.

ஏழாவது நிமிடம் செங்கேணி நீளமாக மூச்சை இழுத்தாள்.

“ஐயோ, நெஞ்சு டிராக்டர் கணக்கா அடிச்சிக்குது. கை உதறுது. பயமா கீது நர்சம்மா!”

“அது மருந்துக்கா. எனக்கு தெனமும் அப்படித்தான்.”

“இத வச்சிக்கினா வேலைக்கு வர்ற? போய்டாத, இங்கியே இரு.”

ஆம்புலன்ஸ் வந்தது. அதிலிருந்து இறங்கிய ஊழியர், ஒருவர் கையை ஒருவர் பிடித்து நடுங்கிக்கொண்டிருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருத்தி விரலில் ரத்தம், இன்னொருத்தி முகத்தில் வீக்கம்.

“பேஷண்ட் யாரும்மா?”

“ரெண்டு பேரையும் ஏத்து நைனா,” என்றாள் செங்கேணி, தெளிவான குரலில்.