ஷப்ராஸ் நானாவின் கோணல் மணிகள்

மஹய்யாவயில் ஷப்ராஸ் நானா டைல் ஒட்டிய தரையில் கோலிக்குண்டை வைத்தால் உருளாது. அவருக்குக் கையாளாகப் போகும் நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். கோடு ஒரு நூல் விலகினாலும் பெயர்த்துவிட்டு மறுபடி ஒட்டுவார். ரொட்டியைக்கூட ஓரம் பார்த்துத்தான் பிய்ப்பார்.

அவர் மகள் இன்ஷிரா படிக்கும் பள்ளிக்கூட முற்றத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு பாறை. அதில் நிழல் மணிக்கூடு வெட்டித்தர நானா ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை திறப்பு. "எங்கட வாப்பா சூரியனுக்கே கோடு போடுறார்" என்று இன்ஷிரா வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

பாறைக்கு மேலே வடக்கு நோக்கிச் சரித்து ஓர் இரும்புக் கம்பியை நட்டார். கம்பியின் நிழல் விழும் இடம்தான் மணி. பழக்க தோஷத்தில் நூல் பிடித்து, சோக்கட்டியால் நேர்நேராகக் கோடு போட்டார். மறுநாள் பத்து மணிக்கு நிழல் பத்தில் தொடங்கி, மேட்டில் ஏறி வளைந்து, பதினொன்றில் போய் இறங்கியது.

"நானா, ஒங்க மணிக்கூட்டுல ஒரே நேரத்துல ரெண்டு மணி அடிக்குதே" என்றேன்.

"பாறை பிழைடா. மேட்டத் தட்டிட்டா சரி."

பாறையைத் தட்டக் கூடாது என்று பிரின்சிபல் மேடம் சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லை. வியாழன் முழுக்க ஃபோனில் மணி பார்த்து, ஒவ்வொரு மணிக்கும் நிழல் வளைந்த மாதிரியே வரைந்து கிரைண்டரால் வெட்டினார். மேகம் வந்தால் வானத்தை முறைத்தார்.

"இதப் பாத்தா இனி எவன்டா எனக்கு பாத்ரூம் வேல தருவான்?"

நான் சும்மா இருப்பேனா? அவர் போனதும் சோக்கட்டியால் கோட்டுக்கு ஒன்றாகப் பாம்புத்தலை வரைந்தேன், நாக்கோடு.

வெள்ளி காலை இன்ஷிரா பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். "வாப்பாக்குக் கோடு போடத் தெரியாதுன்னு சொல்லப்போறாங்க" என்று உதட்டைக் கடித்தாள்.

சட்டையைக் கழற்றிப் பாம்புகளை அழித்தேன். எப்படியும் அழுக்குச் சட்டைதான். எட்டாத ஒரு தலைக்காகக் கம்பிமேல் கவிழ்ந்தபோது கண் கம்பியோடு ஒட்டியது. அங்கிருந்து கீழே பார்த்தால் ஒரு கோணலையும் காணோம். எல்லாக் கோடும் நேர். நிழலும் அந்தக் கம்பியிலிருந்துதானே இறங்குகிறது. திறப்புக்கு வந்த நானாவைக் கூப்பிட்டேன்.

"நானா, இங்க வாங்க. ஒரு கண்ண மூடிக்கிட்டு கம்பிகிட்ட குனிஞ்சு பாருங்க."

குனிந்தவர் நிமிரவில்லை. ரிப்பன் வெட்ட மேடம் கத்தரிக்கோலோடு நின்றார். பின்னால் இன்ஷிராவின் வகுப்பே வரிசை.

"வாப்பா, எழும்புங்க. எல்லாரும் பாக்கணுமாம்."

"பொறு மகள்" என்றார், கண்ணை எடுக்காமல். "மூணு மணிக் கோட்ட இன்னும் பாக்கல்ல."