மெயின் ரோடு இல்லாத வரைபடம்

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூரில் ஓர் அரசு அலுவலகத்தில் பிரிவு அதிகாரியாக இருந்துகொண்டே மாலை வகுப்பில் எம்.ஏ. புவியியல் படித்தேன். பதவி உயர்வுக்கு உதவும் என்றார்கள்; உதவவில்லை. பகலெல்லாம் கோப்புகள், மாலையில் பண்பாட்டுப் பிரதேசங்களும் அரசியல் எல்லைகளும். பாதி வகுப்பு கொட்டாவியில் போகும். தலை நரைத்திருந்ததால் சக மாணவர்கள்கூட என்னை 'சார்' என்றுதான் அழைத்தார்கள்.

கடைசிச் செய்முறைத் தேர்வில், உங்கள் நகரத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். தாள்களைச் சுவரில் ஒட்டுவோம். வேறு கல்லூரியிலிருந்து தேர்வாளர் வந்து கேள்வி கேட்பார். நான் அளவு, திசைக்குறி, குறிவிளக்கம் எல்லாம் முறைப்படி போட்டிருந்தேன்.

"சார், உங்களோடது அப்படியே கவர்மென்ட் மேப்பு" என்றாள் பக்கத்திலிருந்த பெண். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் தமிழர்கள் நெருங்கி வாழும் ஸ்ரீராம்புரத்துப் பெண். பகலில் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை. முந்தைய வருடம் செய்முறையில் தேறவில்லை. இந்த முறையும் போனால் படிப்பை நிறுத்திவிட்டு ஆரணி மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

தேர்வாளர் அவள் தாளின் முன் நின்றார். சந்துகள், குழாயடி, ரேஷன் கடை, கோயில் என்று இடைவெளியில்லாமல் வரைந்திருந்தாள். ஆனால் பேட்டையை ஒட்டி ஓடும் மெயின் ரோடு இல்லை. அந்த இடம் வெள்ளையாக இருந்தது. மெஜஸ்டிக் பஸ் நிலையம் போகும் வழி மல்லேஸ்வரத்தைச் சுற்றிப் போனது.

"ஏனம்மா, மெயின் ரோடு எல்லி?" எங்கே என்று கன்னடத்தில் அதட்டினார். பதிலுக்குக் காத்திராமல் அவர் மதிப்பெண் தாளில் பேனாவை வைத்தார்.

விதி தெரிந்தவனால் சும்மா இருக்க முடியுமா? எழுந்தேன். வினாவில் 'உங்கள் நகரம்' என்றுதான் இருக்கிறது, அச்சு வரைபடத்தோடு ஒப்பிட வழியில்லை என்றேன்.

"நீங்க ஸ்டூடண்டா, ஆபீசரா?"

"ரெண்டும், சார்."

"இப்போ ஸ்டூடண்டா உக்காருங்க."

வகுப்பு சிரித்தது. உட்கார்ந்தேன். அதற்குள் அவளே வாய் திறந்தாள். கன்னடத்தில் பேசிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன்.

"ரோடு இருக்குது சார். நாங்கதான் போறதில்ல. தொண்ணூத்தொண்ணு காவிரிக் கலாட்டாவுல எங்கப்பா ஆட்டோவ அங்கதான் கொளுத்தினாங்க."

சிரிப்பு நின்றது. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஒரு சிவப்புப் பென்சிலை நீட்டினார்.

"அப்போ அதுதாம்மா உன் எல்லை. கோடு போடு. பாஸ் போடறேன்."

எல்லோருக்கும் நிம்மதி. போட்டுவிடு என்று நானும் கண்ணைக் காட்டினேன். அவள் பென்சிலை வாங்கவில்லை.

"வேணாம் சார். கோடு போட்டா அது எல்லையாவே ஆயிடும். இப்போ சும்மா வெத்து எடந்தானே? என்னிக்காவது போவோம்."

"ஃபெயிலானா?"

"ஆகட்டும் சார்."

அவர் பென்சிலைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஏதோ எழுதிவிட்டு நகர்ந்தார். என் வரைபடத்தின் முன் நின்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

முடிவு வந்தபோது எனக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண். அவள் மயிரிழையில் தேறியிருந்தாள். ஆரணிக்கு என்ன பதில் போனதோ தெரியாது. நானும் தமிழன்தான்; ஆனால் கலவர நாட்களில் அரசுக் குடியிருப்பில் கதவைச் சாத்திக்கொண்டு பத்திரமாக இருந்தேன். அதே மெயின் ரோட்டில் ஆபீஸ் ஜீப்பில் எத்தனை முறை தூங்கிக்கொண்டே போயிருக்கிறேன்!

படிவத்தில் எந்த இடத்தையும் காலியாக விடாதீர்கள் என்று குறிப்பெழுதியே ஓய்வுபெற்றவன் நான். ஒரு வழி நிரந்தரமாக மூடிவிடக் கூடாது என்பதற்காகவும் இடத்தைக் காலியாக விடலாம் என்பதை, தோற்றாலும் சரி என்று நின்ற அந்தப் பெண்ணிடம்தான் பார்த்தேன். எல்லாம் அலுத்துப்போன இந்த வயதிலும் அது மட்டும் அலுக்கவில்லை.