அண்ணையைக் குளிர் கொண்டுபோகவில்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை டோர்ட்மண்ட் நகரில் அண்ணையின் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர்: அண்ணை, அவரின் துணைவியாரான என் மச்சாள், அவர்களின் மகள், என் கணவர், நான். யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. பூட்டியவள் நான்.

பருத்தித்துறையில் எங்கள் வீட்டுக்கு மூத்தவராகப் பிறந்த அண்ணை, அகதியாக இங்கு வந்து எங்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுத்தவர். இருபத்திரண்டு வருடம் உறைமீன் களஞ்சியத்தில் பெட்டி தூக்கினார். குளிர் கூடாது என்று நான் பயப்படும் போதெல்லாம், "மைனஸ் இருபதிலை நிண்டிட்டு வாறன். எங்கை, எனக்குத் தடிமனைக் காட்டு பாப்பம்" என்று சிரிப்பார். பிறகு நுரையீரல் தளர்ந்தது. அப்போதும் மச்சாளின் கையைப் பிடித்துக் காலையில் நடப்பதை விடவில்லை.

அன்று எனக்குத் தொண்டை கரகரத்தது. பனி பட்டதாக்கும், அது ஆளுக்கு ஆள் தொற்றாதே என்று நினைத்துத்தான் போனேன்.

"காத்து வரட்டும், யன்னலைத் திறவடி" என்றார் அண்ணை.

"உங்களுக்கென்ன விசரே? வெளியிலை பனி கொட்டுது!" என்று சொல்லி, பக்கத்தில் இருந்து புட்டைக் குழைத்து அவரின் வாயில் தீத்தினேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் வைத்தியசாலை. அந்த வாசலில் வைத்து, "நீங்கள்தானே, மச்சாள், அவரைக் குளிருக்கை நடத்திக்கொண்டு திரிஞ்சது" என்று கத்தினேன். பத்தாம் நாள் அண்ணை போய்விட்டார். என் சொல் செத்தவீடு முழுக்கப் பரவியது. இதை வாசிக்கும் உங்களில் பலர் மச்சாளின் கையைப் பிடிக்காமலே போனீர்கள்.

நித்திரை இல்லாமல் கிடந்து, கடைசியில் அண்ணையின் மகளைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனேன். மகள் மொழிபெயர்த்தாள்: "மாமி, குளிர் தானா வருத்தத்தைத் தராதாம். குளிருக்கை மூக்கும் தொண்டையும் கொஞ்சம் பலம் குறையுமாம். ஆனா கிருமி ஆக்களிட்டை இருந்துதான் வருமாம். பூட்டின அறையெண்டால் கெதியாத் தொத்துமாம்."

"அப்ப, நானோ பிள்ளை?"

யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல ஏலாதாம். அந்த நடையால் வந்ததில்லை என்பது மட்டும் நிச்சயமாம்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் இந்த நினைவு மடலில் இதை எழுதாவிட்டால் மச்சாளின் தலையில் அந்தப் பழி அப்படியே இருந்துவிடும்.

வைத்தியசாலையில் துணை நின்றவர்கள், சமைத்து அனுப்பியவர்கள், கிரியை செய்த ஐயா எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இழவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் அதை விட்டுவிடுங்கள். வாசலில் மச்சாள் நிற்பார். அவரிடம் சொல்லிக்கொண்டு போங்கள்.