நோரீன் சொல்லாத பதில்

ஹாகோப் தக்வோரியனுக்குப் பத்து வருடமாக ஒரே பிழைப்பு: லிஸ்ப் என்ற கணினி மொழியில் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் செயற்கூறுகளை எழுதுவது. ‘இது எண்ணா?’, ‘இது காலியா?’ என்று கேட்கும் சின்னச் சின்ன நிரல் துண்டுகள். கேம்பிரிட்ஜில் எங்கள் ஆய்வகத்தில் பேச்சும் அந்த மொழியாகிவிட்டது. சாப்பிட வருகிறாயா என்றால் ‘நில்’ என்போம். லிஸ்பில் ‘இல்லை’க்கு அதுதான் பெயர். காலிப் பட்டியலுக்கும் அதே பெயர். மற்றதெல்லாம் ஆம், பூஜ்யம்கூட ஆம்தான். புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும்.

அந்தக் குளிர்காலத்தில் ஹாகோப், பக்கத்து மேசை நோரீனிடம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டான். சீன உணவுக் கடையில், வாயில் நூடுல்ஸோடு கேட்டிருக்கிறான், மடையன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஹாகோப் ஐயா மறுநாளே கலிஃபோர்னியாவில் வேலை தேடிப் பிடித்துவிட்டார். வருகிறானா இல்லையா என்று வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அவர்களிடம் சொல்ல வேண்டும். போனால் திரும்ப மாட்டான்.

வெள்ளிக்கிழமை காலை, ஓர் ஆலைக்கு அவன் எழுதிய ‘கசிவு உண்டா?’ செயற்கூறை நோரீன் சோதித்தாள். கசிகிற வால்வுகளின் பட்டியலை அது திருப்பித் தரவேண்டும். கசிவை அளக்கும் கருவியின் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கேட்டாள். கசிவு இல்லை என்றது.

“ஏம்ப்பா, ஒயரே மாட்டல. உனக்கு எப்படித் தெரிஞ்சுது கசியலன்னு?”

“பட்டியல் காலி. காலின்னா நில். நில்னா இல்லை,” என்றான் ஹாகோப்.

“பார்த்துட்டு இல்லைங்கறதும், பார்க்கவே இல்லைங்கறதும் உனக்கு ஒண்ணா?”

“லிஸ்புக்கு ஒண்ணுதான்.”

“லிஸ்பைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன். அன்னிக்கு நான் எப்போ மாட்டேன்னு சொன்னேன்?”

நான் திரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். ஹாகோப்பின் காது சிவந்திருந்தது.

“அப்போ... சம்மதமா?”

“அதுவும் சொல்லல. யோசிச்சுட்டிருந்தேன். அதுக்குள்ள நீ மூட்டை கட்டிட்ட.”

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. கலிஃபோர்னியா. வருகிறாயா, இல்லையா என்று அவர்கள் கத்தியது எனக்கே கேட்டது.

“இன்னும் தெரியல,” என்றான் ஹாகோப். அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை.

“அப்போ வரலன்னு எடுத்துக்கறோம்,” என்றது மறுமுனை.

அவன் நோரீனைப் பார்த்தான். அவள் உதவவில்லை, ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“எடுத்துக்கங்க,” என்று தொலைபேசியை வைத்துவிட்டான். நல்ல வேலை, நல்ல வெயில், எல்லாம் போயிற்று. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

நோரீன் தன் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“இப்போ கேளு,” என்றாள்.